இரட்டித்துப் பார்க்காத கணக்கு

ஜெர்மேனுக்கு மூன்று மொழிகள் வீட்டிலேயே கிடைத்தன. அம்மாவிடம் வியட்நாமிய மொழி, அப்பாவைப் பார்க்க வரும் பழைய ஆபீஸ்காரர்களிடம் பிரெஞ்சு, அப்பாவுக்குக் கோபம் வந்தால் தமிழ். அப்பா லெயோன் காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து, சைகோனில் கான் ஹொய் துறைமுகக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். கொஞ்சுவது, பேரம் பேசுவது, ஜெபம் சொல்வது எல்லாவற்றையும் வந்த இடத்து மொழிகளிலேயே முடித்துக்கொள்வார். ஒருவனைப் பார்த்து வயிற்றைப் புரட்டினால் மட்டும் ஊர்ப் பாஷைக்குப் போய்விடுவார். அதனால் ஜெர்மேனுக்குத் தமிழில் பூக்களின் பெயர் இரண்டோ மூன்றோதான் தெரியும். மானங்கெட்டவன், எச்சக்கலை, கேடுகெட்ட ஜென்மம் என்று வசவு மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு 'சீ' இருந்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் ஏப்ரலில் நகரம் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியபோது அவளுக்கு ஆறு வயது. கையில் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் வைத்திருந்த பாண்டிச்சேரி, காரைக்கால்காரர்கள் முன்னும் பின்னுமாகக் கிளம்பிப் போனார்கள். அம்மா வியட்நாம்காரி. நான் பிறந்த இடத்தை விட்டு வர மாட்டேன், உனக்கு வேண்டுமானால் நீ போ என்று சொல்லிவிட்டாள். அப்பா போகவில்லை. கிடங்கில் எது எங்கே இருக்கிறது என்று புதிதாக வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்து முடித்த மறுநாள், இனி வரவேண்டாம் என்று அவரையே அனுப்பிவிட்டார்கள். பாலத்தின் ஓரத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பும் தண்ணீர்ப் பேசினும் வைத்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார்.

அவர் வெள்ளைக்காரனுக்கு ஊழியம் செய்தவர் என்று தெருக் கமிட்டியில் போய்ச் சொல்லிவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரன், அதே வாரத்தில் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பழகின பழக்கத்துக்குச் சும்மா ஒட்டிக்கொடு என்று நின்றான். அப்பா ஒட்டிக்கொடுத்தார். அவன் தெருமுனை திரும்பின பிறகு, சத்தம் போடாமல் 'சீ' என்றார். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் முழங்கைவரை கை கழுவினார். சோப்பு ரேஷனில் வந்த காலம் அது. இருந்தும் சோப்புப் போட்டே கழுவினார். யாரைப் பார்த்து அந்தச் சொல் வருகிறதோ, அந்த ஆள் போனதும் கை கழுவ வேண்டும் என்று ஜெர்மேன் அன்று புரிந்துகொண்டாள்.

பள்ளியில் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நாட்களில் மார்க்கைவிடக் குடும்பத்தின் பூர்வோத்தரம்தான் முக்கியம். அப்பா யாரிடம் வேலை பார்த்தார், தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று தோண்டித் துருவிவிட்டுத்தான் கல்லூரியில் இடம் கொடுப்பார்கள். மருத்துவம் கிடையாது, பொறியியல் கிடையாது என்றார்கள். எண்பதுகளின் கடைசியில் பிடி கொஞ்சம் தளர்ந்தபோது, யாரும் சீந்தாமல் கிடந்த இயற்பியலில் ஓர் இடம் தந்தார்கள். கோட்பாட்டு இயற்பியலை ஏன் எடுத்தாய் என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம், பிரபஞ்சத்தின் ரகசியம் அது இது என்றெல்லாம் அவள் அளக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் முள் அசைகிற மீட்டர் ஒன்றுகூட இல்லை, தாளும் பேனாவும் இருந்தன என்பாள்.

பிறகு உதவித்தொகை கிடைத்து பெல்ஜியம் போனாள். அங்கேதான் கம்ப்யூட்டரில் குவாண்டம் உலகத்தைப் போலச் செய்து பார்க்கும் வேலையைக் கற்றாள். விஷயம் அவ்வளவு கடினமில்லை. ஒரு பொருளில் உள்ள ஒவ்வோர் அணுவையும் ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி. காந்தம் ஒன்று கூடினால் கணக்கு இரட்டிப்பாகும். கொஞ்ச நேரத்தில் உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்தாலும் கொள்ளாது. அதனால் முக்கியமானவை என்று தோன்றுகிற பகுதிகளை வைத்துக்கொண்டு, மீதியை வெட்டித் தள்ளிவிட்டுக் கணக்குப் போடுவார்கள். நிறைய வெட்டினால் விடை சீக்கிரம் வரும். ஆனால் அது பொய்யாக இருக்கலாம். பணக்கார உறவை மட்டும் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, நம் வம்சத்தில் ஏழையே இல்லை என்று சொல்வது போன்ற பொய்.

இதற்கு அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வைத்துக்கொண்ட பகுதியை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பது. விடை அசையாமல் நின்றால் அது இயற்கையின் விடை. அசைந்தால் அது கத்தியின் விடை. பெல்ஜியத்தில் அவள் இருந்த குழுவில், இரட்டித்துப் பார்க்காத வரைபடத்தை ஒருவரும் சுவரில்கூட ஒட்ட மாட்டார்கள். ஜெர்மேனுக்கு அந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்திருந்தது. மனிதர்களையும் இப்படி இரட்டித்துப் பார்க்க முடிந்தால் தேவலையே என்று நினைத்துக்கொள்வாள்.

திரும்பி வந்த மறு வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு திட்டக்கூட யாரும் இல்லாமல் அவளுடைய தமிழ் உள்ளேயே கிடந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தில் பதினைந்து வருஷம் ஓட்டினாள். காலையில் வகுப்பு, மாலையில் வகுப்பு, ஞாயிறன்று வேலைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு. வகுப்பில் பாதிப் பாடத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை வீட்டு டியூஷனில் விற்றவர்களைப் பார்த்தாள். எழுதாத கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்டு, அதன் தலைப்பைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத துறைத் தலைவரைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் 'சீ' என்பாள். அவள் வீட்டில் சோப்பு சீக்கிரம் தீர்ந்தது.

இப்படி இருக்கையில்தான் கரியமாணிக்கம் வந்து சேர்ந்தார். தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார். நாற்பதைத் தாண்டியவர், சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் குடும்பத்துப் பெரியவர்கள் ஒரு காலத்தில் சைகோனில் கடை வைத்து வட்டித் தொழில் செய்தவர்கள். அந்தப் பாசமோ, சம்பளமோ, பூ மி ஹங் பக்கம் முளைத்திருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் கணிப்பு மையத்துக்குத் தலைவராக வந்தார். ஜெர்மேனைத் தேடிவந்து வேலைக்கு அழைத்ததும் அவரே. முதல் நாளே, "அக்கா, நம்ம ஊரு சீப்புச்சீடை, சாப்ட்டுப் பாருங்க" என்று ஒரு டின்னை மேசைமேல் வைத்தார். ஐம்பதை நெருங்கின அவள் காதுக்குக் கோபமில்லாத தமிழ் வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டின் முழுவதையும் அவளே தின்று தீர்த்தாள்.

அவர் சென்னையில் எழுதிய ஆய்வேட்டையும் தேடிப் படித்தாள். சுத்தமான வேலை. ஒவ்வொரு விடையையும் மூன்று தடவை இரட்டித்துப் பார்த்திருந்தார். நம்ம ஆள் என்று சந்தோஷப்பட்டாள்.

மையத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடி அவரவர் வேலையைக் காட்டுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜெர்மேன், ஒரு காந்தப் பொருளைப் பற்றி அப்போதுதான் ஓட்ட ஆரம்பித்திருந்த கணக்கிலிருந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். வைத்துக்கொண்டது சொற்பம், வெட்டியது அதிகம், வெறும் வெள்ளோட்டம். அதில் நடுவில் அழகாக ஒரு மேடு எழும்பியிருந்தது. உண்மையாக இருந்தால், அது இதுவரை யாரும் பார்த்திராத ஒரு புதிய நிலை. ஓரத்தில் 'இன்னும் இரட்டிக்கவில்லை' என்று அவளே எழுதியிருந்தாள். பெரிய கணக்கை ஓட்ட மெஷின் காலியாக வேண்டும், சில வாரம் பிடிக்கும் என்றும் சொன்னாள். கரியமாணிக்கம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவர் எழுதிய கட்டுரை தயாராகி அவள் சம்மதத்துக்கு வந்தது. தலைப்பில் 'புதிய நிலை'. வரைபடம் அவளுடையது. ஓரத்தில் எழுதியிருந்த வாசகம் மட்டும் கத்தரித்து எறியப்பட்டிருந்தது. ஓடிப்போய்க் கரியமாணிக்கத்திடம் கேட்டாள். ஜர்னலில் மதிப்பீடு செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா, கேட்பார்கள், கேட்டால் அப்போது இரட்டித்துக் காட்டுவோம் என்றார் அவர். அந்த வாரம்தான் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய வாரம். அறைக்குத் திரும்பி, சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாள். இதற்காக அவளுக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. வயிற்றுப்பாடு என்று அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. மதிப்பீடு செய்கிறவர்கள் பிடித்துவிடுவார்கள், பழி நம்மேல் வராது என்று நினைத்தாள். அவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு கமாவைத் திருத்தச் சொல்லிவிட்டு அனுமதித்துவிட்டார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தால் திருவிழாதான். வாசலில் சிவப்புப் பதாகை கட்டினார்கள். துணைத்தலைவர் டிவியில் வந்து குவாண்டம் யுகத்தில் நம் நகரம் கால் வைத்துவிட்டது என்றார். குவாண்டம் என்றால் ஏதோ ஏர்கண்டிஷனர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர். பேட்டி எடுக்க வந்தவளிடம் கரியமாணிக்கம், அந்த மேட்டை முதலில் பார்த்தபோது தனக்கு மயிர்க்கூச்செறிந்ததாகச் சொன்னார். ஜெர்மேன் டிவியை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மெஷின் காலியானதும் யாரும் கேட்காமலே பெரிய கணக்கை ஓட்டினாள். மேடு பாதியாகக் குறைந்தது. இன்னும் இரட்டித்தாள். தரை சமமாகிவிட்டது. அப்படி ஒரு நிலை உலகத்தில் எங்குமே இல்லை. அது அவளுடைய கத்தி செய்த மேடு.

தவறு நடப்பது இயல்பு, அதை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அதே வாரம் ஹூவே நகரத்திலிருந்து ஹியென் என்ற ஒரு பெண் எழுதினாள். கல்லூரி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அந்தப் புதிய நிலையைப் பற்றியே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். தன் கணக்கில் மேடு வரமாட்டேன் என்கிறது, நான் எங்கே தப்புச் செய்கிறேன், கோ, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். அங்கே பெண் ஆசிரியரைக் 'கோ' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். மேடு வராததே சரி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஜெர்மேன் எழுதவில்லை. கொஞ்சம் பொறு, விரைவில் விவரம் அச்சில் வரும் என்று பதில் போட்டுவிட்டு, கரியமாணிக்கத்தின் அறைக்குப் போனாள்.

"தம்பி, அந்த மேடு கரைஞ்சு போச்சு. ரெண்டு தடவை இரட்டிச்சுப் பாத்துட்டேன். பேப்பரை வாபஸ் வாங்கணும்."

அவர் அதிரவில்லை. ஐஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "வாபஸ்னு சொல்லாதிய அக்கா. அது கெட்ட வார்த்தை. திருத்தம்னு போட்ருவோம். நீங்களே எழுதுங்க" என்றார்.

இவ்வளவு எளிதில் ஒத்துக்கொண்டது அவளுக்கு உறுத்தியது. "உங்க தீசிஸை நான் படிச்சிருக்கேன். ஒவ்வொண்ணையும் மூணு தடவை இரட்டிச்சிருக்கீங்க. அது யாரு பண்ணினது?"

"நாந்தான்" என்றார் அவர். டம்ளரைத் தள்ளி வைத்தார். "அப்ப எனக்குப் பேரு கிடையாது, அதனால பயம் இருந்துச்சு. இப்ப மையத்துல பன்னெண்டு பேருக்குச் சம்பளம் போடணும்னா வருஷத்துக்கு இத்தனை பேப்பர்னு மேல கேக்குறாங்க. ஏங்க்கா என்கிட்டக் கோவிச்சுக்கிறிய?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லையே என்றிருந்தது. டின்னில் மறுபடி சீப்புச்சீடை வந்திருந்தது, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் டின்னை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

ஒரே பக்கத்தில் திருத்தம் எழுதிக்கொடுத்தாள். நாங்கள் தவறு செய்தோம், போதிய அளவு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்த நிலை இல்லை என்று நேராக இருந்தது. இந்தத் தடவை அவள் சம்மதத்தைக் கேட்காமலே அச்சில் வந்தபோது அது நாலு பக்கமாக வீங்கியிருந்தது. தவறு என்ற சொல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டிருந்தார்கள். பெரிய அளவில் அந்தப் புதிய நிலை 'மறைந்து வேறொன்றாக மாறும் விந்தை' கண்டுபிடிக்கப்பட்டதாக இருந்தது. ஆசிரியர் பெயர்களில் துணைத்தலைவர் முதலில் நின்றார். அவள் முகமே பார்த்திராத இரண்டு வெளிநாட்டுப் பேராசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் இருந்தால் கட்டுரைக்கு மவுசு கூடுமாம். ஜர்னலுக்கு எழுதிப் பார்த்தாள். ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னால் பரிசீலிப்போம் என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது.

பாவத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் அதையும் ஒரு சாதனையாக எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த வசவு மூட்டையை அவிழ்த்துத் தேடினாள். இவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி அப்பா ஒரு சொல்லும் விட்டுப் போகவில்லை. ஹியெனுக்கு எழுத உட்கார்ந்தாள். நான்கு வரி எழுதுவாள், அழிப்பாள். தவறு என்று அச்சிலேயே இல்லாதபோது நாம் மட்டும் சொன்னால், அந்தப் பெண் நாலு பேரிடம் காட்டினால், வருஷக் கடைசியில் ஒப்பந்தம் என்ன ஆகும் என்ற நினைப்பு குறுக்கே வந்து நிற்கும். நாளைக்கு எழுதலாம் என்று கம்ப்யூட்டரை மூடுவாள்.

நவம்பரில் ஆசிரியர் தினம் வந்தது. அந்த ஊரில் அன்று பூக்கடைக்காரர்கள் காட்டில் மழை. பெரிய அரங்கத்தில் மேடை போட்டு, இரண்டு கட்டுரைகளின் தலைப்பையும் அடுத்தடுத்து எழுதிப் பதாகை கட்டியிருந்தார்கள். ஒரே வருஷத்தில் இரட்டைச் சாதனை என்று மேலே பொன் எழுத்து. ஜெர்மேனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

விழா தொடங்குவதற்கு முன் நீல ஆவ் சாய் அங்கி உடுத்திய ஒரு பெண் பூங்கொத்தோடு அவளைத் தேடி வந்தாள். நான்தான் ஹூவேயிலிருந்து எழுதின ஹியென் என்றாள். பஸ்ஸில் இரவெல்லாம் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கோவுக்கு நேரில் பூக் கொடுக்க வேண்டும் என்று வந்தாளாம். இரண்டாவது கட்டுரையைப் படித்ததும்தான் தனக்கு உயிர் வந்தது என்றாள். தன் கணக்கில் மேடு வராதது தப்பில்லை, அந்த நிலை மாறுகிற இடத்தைத்தான் தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்துவிட்டதாம். இன்னும் இரண்டு வருஷம் விடுப்பு நீட்டித்து வாங்கிவிட்டேன், ஆய்வேட்டில் இப்போது இரண்டு அத்தியாயம் ஆகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். ஜெர்மேன் பூவை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேடைக்கு அழைத்தார்கள். துணைத்தலைவர் கேடயம் கொடுத்தார். கரியமாணிக்கம் மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றார். நன்றி சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தாள். கீழே மூன்றாவது வரிசையில் ஹியென் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மேன் வியட்நாமிய மொழியில் பேசினாள். முதல் கட்டுரை தவறு என்றாள். அந்தப் புதிய நிலை எங்கேயும் கிடையாது, நான் நிறைய வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டதால் வந்த மேடு அது என்றாள். இரண்டாவது கட்டுரை சொல்லவேண்டியது இதை மட்டும்தான், அதில் உள்ள மற்றதெல்லாம் ஜோடனை, யாரும் இதை நம்பி ஆய்வில் இறங்க வேண்டாம் என்றாள். கரியமாணிக்கத்துக்கு அந்த மொழி அரைகுறைதான். ஆனாலும் முகம் வெளுத்துவிட்டது.

துணைத்தலைவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கி, பாருங்கள், உண்மையான விஞ்ஞானியின் அடக்கம் இதுதான் என்று சொல்லிவிட்டுத் தானே கைதட்ட ஆரம்பித்தார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. தவறு என்று கூவிச் சொன்னதையும் பூப் போட்டு வாங்கிக்கொள்கிறார்களே என்று ஜெர்மேனுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. ஹியென் மட்டும் உட்கார்ந்திருந்தாள், போன் மடியில் கிடந்தது.

கேடயத்தை மேடையிலேயே வைத்துவிட்டு ஜெர்மேன் நேராக அவளிடம் போனாள். மன்னிப்பு என்று தொடங்கினாள். ஹியென் அதைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும், கோ?"

பெரிய கணக்கை ஓட்டின பிறகு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான். ஆனால் மேடையில் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு வந்த வாய்க்கு இங்கே பொய் வரவில்லை.

"நீ எனக்கு எழுதின அன்றைக்கே தெரியும். இரட்டித்துப் பார்க்கவில்லை என்பது அதற்கும் முன்னால், சம்மதம் கொடுத்த அன்றைக்கே தெரியும்" என்றாள்.

ஹியென் ஜெர்மேனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். முன்வரிசைக்குப் போய், நாற்காலியில் இருந்த பூங்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வாய்க்குள் ஏதோ ஒரு சிறிய சொல் சொன்னாள். ஹூவேக்காரர்களின் இழுப்பில் அது ஜெர்மேனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. விழ வேண்டிய தேவையும் இல்லை, அதற்குத் தமிழில் என்ன என்று அவளுக்கு ஆறு வயதிலிருந்தே தெரியும்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கரியமாணிக்கம் பின்னாலிருந்து அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மேன் வாசல்வரை ஹியெனைத் தொடர்ந்து போய், அங்கேயே நின்றுவிட்டாள். வராந்தாக் கோடியில் குப்பைத் தொட்டிக்குள் பூ தலைகுப்புறக் கிடந்தது. அதற்குப் பக்கத்துக் குழாயில், நீலக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, ஹியென் முழங்கைவரை கை கழுவிக்கொண்டிருந்தாள்.